புதுப்பிப்பு: எல்சி3 சிமென்ட் வேலைக்கு எதைப் பழகுவது?

கார்பன் குறைந்த சிமென்ட் துறைக்கு வர நினைக்கும் சிவில் பட்டதாரிகள் முதலில் ஐ.எஸ். 10262 (கான்கிரீட் கலவை விகிதத்துக்கான இந்தியத் தரநிலை) படி கலவை வடிவமைப்பைக் கையால் போட்டுப் பழகுங்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். அதில் விட்டுப்போனது எல்சி3, அதாவது சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் கலந்த சிமென்ட். இதற்கு 2023-இல் ஐ.எஸ். 18189 தரநிலையே வந்துவிட்டது.

பரவலான விகிதம்: கிளிங்கர் (சூளையில் சுட்டெடுக்கும் வழக்கமான சிமென்டின் முக்கியப் பொருள்) 50%, சுட்ட களிமண் 30%, சுண்ணாம்புக்கல் 15%, ஜிப்சம் 5%. களிமண்ணில் கயோலினைட் என்ற கனிமம் 40 சதவீதமாவது இருந்தால் நல்லது. 700–850 டிகிரி செல்சியஸில் சுட வேண்டும். சூடு ரொம்ப ஏறினால் வினைத்திறன் போய்விடும்.

சைட்டில் தலைவலி ஸ்லம்ப்தான், அதாவது ஈரக் கான்கிரீட்டின் இளக்கம். சுட்ட களிமண்ணுக்குப் பரப்பளவு அதிகம். தண்ணீரையும் அட்மிக்ஸ்சரையும் (கான்கிரீட்டில் சேர்க்கும் வேதிப்பொருள்) இழுத்துக்கொள்ளும். தண்ணீர் ஊற்றிச் சமாளித்தால் வலிமை குறையும். பிசிஇ (தண்ணீர் கூட்டாமல் கலவையை இளக்கும் அட்மிக்ஸ்சர்) அளவை மார்ஷ் கோனில் (சிமென்ட் கூழ் வழிந்தோடும் நேரத்தை அளக்கும் புனல்) தேர்ந்து, ஒரு மணி நேரம் கழித்தும் ஸ்லம்ப் பார்க்கத் தெரிந்தவர்தான் ரெடிமிக்ஸ் ஆய்வகத்துக்கு உதவுவார். சான்றிதழ் வகுப்புகள் அப்புறம்.