பழைய சுரங்க கேலரிகளைத் தேட எந்த முறை?

கேள்வி:
கட்டடம் வரவிருக்கும் நிலத்துக்கு அடியில், சுமார் 15 மீ ஆழத்தில், கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்கம். கேலரி (நிலக்கரி வெட்டிய பாதை) 3 மீ அகலம், 2 மீ உயரம். 20 மீட்டருக்கு ஒன்று. பழைய வரைபடத்தை நம்ப முடியவில்லை. மேலே 4 மீ களிமண். உள்ளே தண்ணீரா காற்றா என்று தெரியாது. ஜிபிஆர் (தரைக்குள் ரேடார் அலை அனுப்புவது), ரெசிஸ்டிவிட்டி (நிலத்தின் மின்தடையை அளப்பது), மைக்ரோகிராவிட்டி (ஈர்ப்பின் நுண்ணிய மாறுதலை அளப்பது), எதில் தொடங்கலாம்?

பதில் 1:
ஜிபிஆர் வேண்டாம். களிமண் அந்த அலையை ஓரிரு மீட்டரிலேயே விழுங்கிவிடும்.

ரெசிஸ்டிவிட்டியில் 48 எலக்ட்ரோடை (மின்முனைக் கம்பி) 2 மீ இடைவெளியில் நட்டால் கோடு 94 மீ. எட்டும் ஆழம் அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். உங்களுக்கு அது மயிரிழையில் நிற்கும்; 3 மீ இடைவெளி வையுங்கள். காய்ந்த தரையென்றால் ஒவ்வொரு எலக்ட்ரோடின் அடியிலும் உப்புத்தண்ணீர் ஊற்றி, தொடுமின்தடை (கம்பிக்கும் மண்ணுக்கும் இடையிலான தடை) இறங்கியபிறகு அளந்துபாருங்கள். இரும்புக் குழாய்க்கும் கம்பிவேலிக்கும் இணையாகக் கோடு போடாதீர்கள்.

நிலக்கரிக்கே மின்தடை அதிகம், அதனால் காற்று நிரம்பிய கேலரி அதில் மங்கிப்போகும். அமிலச் சுரங்கநீர் நிரம்பியிருந்தால் நன்றாகத் தெரியும். பாதி நீர், பாதி காற்று என்றால் படம் குழப்பும்.

பதில் 2:
மைக்ரோகிராவிட்டிக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பாறை அடர்த்தி 2.3 (கிராம்/க.செ.மீ.) என்று வைத்தால், 15 மீ ஆழத்தில் காற்று நிரம்பிய ஒரு கேலரி ஈர்ப்பைக் குறைப்பது 12 மைக்ரோகால் (ஈர்ப்பை அளக்கும் சிறு அலகு). நீர் நிரம்பினால் 7. கருவியின் இரைச்சலே 5 பக்கம் வரும். உயரத்தில் 1 செ.மீ. பிசகினால் 2, 3 மைக்ரோகால் போய்விடும். ஆகவே ஒவ்வொரு புள்ளிக்கும் லெவலிங் (உயர அளவீடு) கட்டாயம். டிரிஃப்டை (நேரம் போகப்போகக் கருவியின் அளவு நகர்வதை) திருத்த மணிக்கொருமுறை அடிப்புள்ளிக்குத் திரும்பி அளக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் தனித்தனி கேலரி தெரியாதா?

பதில் 2:
தெரியாது. இந்த ஆழத்தில் ஒரு கேலரி தரும் ஈர்ப்பு வரைபடத்தின் வளைவு பாதி உயரத்திலேயே 30 மீ அகலம். பக்கத்து கேலரியோடு கலந்துவிடும். ஆனால் இரு திசையிலும் வெட்டிய பரப்பு முழுவதும் சேர்ந்து, காற்று நிரம்பியிருந்தால், 50 மைக்ரோகால் அளவுக்கு இறக்கம் காட்டும். வெட்டிய இடம் எங்கே முடிகிறது என்பதை அதில் நம்பிக்கையோடு வரையலாம். கூரை இடிந்து வெற்றிடம் மேலே ஏறிவந்த இடங்கள் இன்னும் கூர்மையாகத் தெரியும். கட்டடத்துக்கு ஆபத்தும் அங்கேதான்.

பதில் 3:
கேலரியை உறுதிசெய்யத் துளைதான் வழி. துளைகளையும் 20 மீட்டருக்கு ஒன்றாகப் போட்டால் எல்லாமே தூணில் (கேலரிகளுக்கு நடுவே வெட்டாமல் விட்ட நிலக்கரியில்) இறங்கிவிடலாம், "வெற்றிடமே இல்லை" என்று அறிக்கை வந்துவிடலாம். இடைவெளியை மாற்றி மாற்றிப் போடுங்கள். ஈர்ப்பு இறக்கம் காட்டாத இடத்திலும் ஒன்று போடுங்கள். துளைநீர் திடீரென்று திரும்பாமல் போவதும், துளையிடும் ராடு சட்டென்று இறங்குவதும் எத்தனை மீட்டரில் என்று அப்போதைக்கப்போது எழுதுங்கள். மீத்தேன் வரலாம், ஆக்சிஜன் குறைந்த காற்றும் வரலாம். வாயுமானி துளை வாயிலேயே இருக்கட்டும். கேசிங் (துளை இடியாமல் தாங்கும் குழாய்) இறக்கிக் கேமரா விடுங்கள், நீர் இருந்தால் சோனார் (ஒலி அலையால் பார்க்கும் கருவி). முடிந்ததும் துளையை கிரவுட் (சிமென்ட் கலவை) ஊற்றி அடைத்துவிடுங்கள்.