கலைச்சொல் தேவை: ஃபோர்க்லிஃப்ட் டயர் அளவெடுப்பு

மொழிபெயர்ப்பாளர், அம்பத்தூர்:

நண்பர்களுக்கு வணக்கம். ஒரகடத்தில் ஒரு கிடங்குக்காக, சரக்கைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். தேய்ந்த டயருக்கு மாற்று வாங்க அளவெடுப்பது எப்படி என்ற பகுதி திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். சிக்கல் 'பிரஸ்-ஆன்' டயரில்தான். இரும்பு வளையத்தின் மேல் ரப்பர் பிடித்திருக்கும், காற்று கிடையாது, ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வைத்து வீலின் மேல் அழுத்தி ஏற்றுவார்கள். 21×7×15 என்று போட்டிருந்தால் வெளிவிட்டம் 21 அங்குலம், அகலம் 7, உள்விட்டம் 15. காற்றடிக்கும் டயரிலும் அதே வடிவில் வரும் சாலிட் டயரிலும் 7.00-12 என்பது போல இருக்கும். அகலம் 7, டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 12. இரண்டு வகையையும் பிரித்துச் சொல்லப் பெயர்கள் வேண்டும். முதலாவதற்கு இப்போதைக்கு 'அழுத்து டயர்' என்று எழுதியிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மயிலாப்பூர்:

அம்மா, 'அழுத்து டயர்' வினைத்தொகை. அழுத்திய டயரா, அழுத்துகின்ற டயரா? தரையை அழுத்துவது என்றும் படிக்கலாமே. அதோடு டகரம் தமிழில் மொழிமுதல் வாராது.

நம்மிடமே சொல் இருக்கிறது: சூட்டு. பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வணிகரின் வண்டிச் சக்கரத்தைச் சொல்லும் இடத்தில், ஆரக்கால்களைச் சுற்றி வரும் வளைவுக்கு இந்தச் சொல்தான் வருகிறது. சூடு தன்வினை, சூட்டு பிறவினை. மாலை சூட்டுகிறோம், முடி சூட்டுகிறோம். சக்கரத்துக்கு மேலே சூட்டுவது சூட்டு. முதனிலையே பெயராகி நிற்கிறது. அழுத்தி ஏற்றுவதற்கு இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்காது. 'இறுகுசூட்டு', 'வளிச்சூட்டு' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஐ.டி.ஐ. பயிற்றுநர், கிண்டி:

ஐயா, சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 'சூட்டு அளவு' என்று பலகையில் எழுதினால் என் மாணவர்கள் வெப்பநிலை என்றுதான் படிப்பார்கள். வளிச்சூட்டை அனல்காற்று என்பார்கள்.

உண்மையில் பிழை நடக்கும் இடம் வேறு. தேய்ந்த டயரின் வெளிவிட்டத்தை டேப்பால் அளந்து, அதையே ஆர்டரில் எழுதிவிடுகிறார்கள். 21 அங்குல டயர் தேய்ந்து 20-க்கும் கீழே வந்திருக்கும். அந்த எண்ணை நம்பி வாங்கவே முடியாது. தேயாமல் இருப்பது உள்விட்டம்தான். அகலத்தையும் இரும்பு வளையத்தில் பார்க்க வேண்டும், ரப்பரின் ஓரம் பிய்ந்துபோயிருக்கும். இந்த இரண்டோடு வண்டியின் மாடலும் தெரிந்தால், புது டயரின் வெளிவிட்டத்தைப் பட்டியலில் எடுத்துக்கொள்ளலாம். உள்விட்டம் முழு எண்ணாகவே இருக்கும் என்றும் இல்லை. 16×6×10½ உண்டு, 18×7×12⅛ உண்டு. அந்த அரைக்கால் அங்குலத்தை விட்டுவிட்டு 12 என்று எழுதினால் டயர் வீலில் ஏறாது. பெயர் எதுவானாலும் சரி, 'உள்விட்டம்' என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் மாறாமல் இருக்கட்டும்.

பொறியாளர், ஸ்ரீபெரும்புதூர்:

மாட்டுவண்டிச் சக்கரத்தை மறந்துவிட்டோமே. நடுவில் குடம், ஆரக்கால், அதைச் சுற்றி வட்டை என்னும் மர வளையம், அதற்கு மேல் இரும்புப் பட்டா. பட்டாவைச் சக்கரத்தைவிடச் சற்றுச் சிறியதாக வளைத்து, நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, விரிந்திருக்கும்போதே மாட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். சுருங்கி இறுகிவிடும். பிரஸ்-ஆன் டயரும் அந்த இறுக்கத்தால்தான் நிற்கிறது, நெருப்புக்குப் பதில் பிரஸ். அதனால் 'பட்டா டயர்'.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பட்டா என்றதும் தமிழ்நாட்டில் நிலம்தான் நினைவுக்கு வரும். தச்சர் சொல்தான் வேண்டுமென்றால் வட்டையை எடுங்கள். வட்டு, வட்டம், வட்டில், வட்டை எல்லாம் ஒரே குடும்பம்.

பொறியாளர், ஸ்ரீபெரும்புதூர்:

ஐயா, வட்டை மரம். டயருக்கு அடியில் இருப்பது. அதை மேலே ஏற்றினால் ரிம்முக்குப் பெயரில்லாமல் போகும்.

மொழிபெயர்ப்பாளர், அம்பத்தூர்:

இரவு முழுவதும் யோசித்தேன். ஐயாவின் 'இறுகு', பொறியாளர் சொன்ன இறுக்கம் இரண்டையும் சேர்த்து 'இறுக்கு டயர்' என்று வைக்கலாமா? மற்றதற்கு 'மாட்டு டயர்' என்று நினைத்தேன். மாட்டுவண்டி டயர் என்று படிப்பார்கள் என்பதால் 'ரிம் டயர்' போதும். முதல் இடத்தில் மட்டும் 'பிரஸ்-ஆன் எனப்படும் இறுக்கு டயர்' என்று எழுதுகிறேன்.

ஐ.டி.ஐ. பயிற்றுநர், கிண்டி:

எனக்குச் சம்மதம். ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: ஒரே அச்சில் இருபக்க டயரையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்று புதிது, ஒன்று தேய்ந்தது என்றால் வண்டி சாயும், உயரத்தில் தூக்கிய சுமையும் அதோடு சாயும்.

பொறியாளர், ஸ்ரீபெரும்புதூர்:

சரி, இறுக்கு டயரே இருக்கட்டும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

இறுக்கு என்பதை ஏற்கிறேன். டயரை ஏற்கவில்லை. இன்று நமக்கு அவசரம் என்பதற்காக, சக்கரத்துக்குச் சங்க காலத்திலிருந்தே இருக்கும் சொல்லைக் கிடங்குத் தொழிலாளிக்குத் தெரியாது என்று தள்ளிவிடுகிறோம். சொல்லிக் கொடுத்தால்தானே தெரியும்? கையேட்டின் கடைசியில் சொற்பட்டியல் இருக்குமானால், 'டயர்' என்பதற்கு எதிரே 'சூட்டு' என்றாவது போடுங்கள்.

மொழிபெயர்ப்பாளர், அம்பத்தூர்:

போடுகிறேன், ஐயா. இன்னொன்று மிச்சம். சாலிட் டயர்கள் பலவற்றில், இதற்குக் கீழே தேய்ந்தால் மாற்று என்று காட்ட ஒரு கோடு பக்கவாட்டில் சுற்றி வரும். 'தேய்மானக் கோடு' என்று எழுதியிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தேய்மானம் வேண்டாம், 'தேய்வெல்லை'. தேய்வு என்ற தொழிற்பெயர் இருக்கும்போது 'மானம்' எதற்கு? விரிவாக நாளை எழுதுகிறேன்.