அனுபவப் பகிர்வு: வெளிச்சம் குறைந்த வீட்டில் பாட்டியின் படம்

லயத்துப் பேரன்:

மலேசியாவில் நம் சுங்கை சிப்புட் ஆட்கள் நிறையப் பேர் கேட்கிற கேள்வி ஒன்றுதான். வீட்டுக்குள் ஆள் படம் எடுத்தால் ஏன் கலங்கலாக வருகிறது, ஃபிளாஷ் போட்டால் ஏன் முகத்தில் எண்ணெய் வடிகிறது? எனக்கு இதற்கு வழி காட்டியது என் பாட்டி. கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் கீழே எழுதுங்கள்.

பாட்டி இன்னும் பழைய தோட்ட லயத்தில்தான், அதாவது தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீட்டில்தான் இருக்கிறார். ரப்பரை அழித்துச் செம்பனை போட்டு எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, ஆனால் பலகை வீடு அதே வீடு. தகரக் கூரை, அஞ்சடி என்கிற முன் தாழ்வாரம், கூடத்தில் ஒரே ஒரு சன்னல், நடுவில் ஒரு டியூப் லைட்.

ஒரு நாள் பாட்டி கேட்டார்: "ஐயா, நான் போனா சுவத்துல மாட்ட நல்லதா ஒரு படம் எடுத்து வையேன்." நம் வீடுகளில் வயதானவர்கள் இதைச் சாதாரணமாகத்தான் சொல்வார்கள். கேட்கிறவனுக்குத்தான் தொண்டையை அடைக்கும். டவுனில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்த படம் ஏற்கெனவே இருக்கிறது. அதில் பாட்டியின் கறுப்பை வெளுக்கடித்து, சுருக்கத்தையெல்லாம் துடைத்து எடுத்திருந்தார்கள். "இது யாரு?" என்று கேட்டுவிட்டு அதை அலமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டார்.

முதல் முயற்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. கேமராவோடு வந்த 18-55 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸ். பாட்டியைக் கூடத்து நடுவில் உட்கார வைத்து டியூப் லைட்டைப் போட்டேன். 55-க்கு இழுத்தால் அந்த லென்ஸ் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறையத் திறப்பு பெரிதாகும்). ஐஎஸ்ஓ, அதாவது கேமராவின் ஒளி உணர்திறன், 3200 வைத்தும் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/15 விநாடிக்கு இறங்கிவிட்டது. என் கை ஆடாமல் இருந்தாலும் பாட்டி அசையத்தானே செய்வார்? பத்துப் படத்தில் ஒன்றில்கூடக் கண் தெளிவாக இல்லை. சரி என்று கேமராவிலேயே இருக்கும் ஃபிளாஷைத் தூக்கினேன். நெற்றியும் மூக்கும் பளபளவென்று வந்தன, பின்சுவரில் கறுப்பாக ஒரு நிழல், கன்னத்துக் கோடு ஒன்றுகூட இல்லை.

பாட்டி திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நெத்தி லைட்ட மரத்துல நேரா அடிச்ச மாதிரி இருக்கு."

பாட்டி முப்பது வருடத்துக்கு மேல் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். விடிவதற்குள் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய், இருட்டோடு காட்டுக்குள் இறங்கி, நெற்றியில் கட்டிய விளக்கை நம்பி வெட்டவேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். பாட்டி விளக்கினார்: "நேரா அடிச்சா பட்டை பூரா ஒரே வெள்ளையாத் தெரியும், முன்ன வெட்டுன கோடு எங்கன்னே தெரியாது. தலைய லேசா சாய்ச்சு ஓரமா வுட்டா கோட்டுக்குள்ள நிழல் வுழும். அப்பத்தான் கத்தி வைக்கலாம்."

பக்கவாட்டு வெளிச்சத்தைப் பற்றி எத்தனையோ காணொளி பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. முகமும் பட்டை மாதிரிதான். கோட்டுக்குள் நிழல் விழுந்தால்தான் அது அந்த ஆளின் முகம்.

அடுத்த முறை போவதற்குள் பழைய 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் ஒன்றைத் தெரிந்தவரிடம் வாங்கிவிட்டேன். எஃப் 5.6-உடன் பார்த்தால் எஃப் 1.8 ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். வீட்டுக்குள் ஆள் படம் எடுக்கப் பணம் செலவழிப்பதென்றால் முதலில் இதற்குச் செலவழியுங்கள், புதுக் கேமராவுக்கு அல்ல.

அன்றைக்கு நாலு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. மழைநாளில் படம் எடுக்க முடியாது என்றுதான் முன்பெல்லாம் நினைப்பேன். வெயில் நேராக விழுந்தால் சன்னல் கம்பியின் நிழல் முகத்தில் கோடு போடும். மூடிய வானமோ சன்னல் முழுவதையும் ஒரே மெத்தென்ற விளக்காக்கிவிடும். டியூப் லைட்டை அணைத்தேன். "இருட்டுல எப்படிய்யா எடுப்ப?" என்றார் பாட்டி. அணைக்காவிட்டால் ஒரு கன்னம் வானத்து நிறத்திலும் இன்னொரு கன்னம் டியூப்பின் பச்சையிலும் வந்திருக்கும், அதைக் கணினியில் பிரித்துச் சரிசெய்வது பெரிய பாடு.

நாற்காலியைச் சன்னலிலிருந்து ஒரு கை தூரத்தில் போட்டேன். பாட்டியின் இடது தோள் சன்னல் பக்கம், முகம் மட்டும் கொஞ்சம் சன்னலை நோக்கி. மறுபக்கம் அண்ணன் மகள் ஒரு வெள்ளை மணிலா அட்டையைப் பிடித்துக்கொண்டாள். அட்டையைக் கிட்டே கொண்டுவந்தால் நிழல் இளகும், தள்ளினால் இறுகும். அவளை முன்னே வா, பின்னே போ என்று பத்து நிமிடம் படுத்தியிருப்பேன். கடைசியில் வலது கன்னத்துக் குழி இருட்டாகவும், ஆனால் அதற்குள் இருக்கும் மச்சம் தெரிகிற மாதிரியும் ஓர் இடம் கிடைத்தது.

எஃப் 2.2, 1/125, ஐஎஸ்ஓ 1600. என் கேமராவில் ஒரு மீட்டர் சொச்சத் தூரத்திலிருந்து எஃப் 1.8-இல் எடுத்தால் தெளிவாக இருக்கும் ஆழம் 4 சென்டிமீட்டர் அளவுதான், ஒரு கண் தெளிந்தால் மறு கண் போய்விடுகிறது. அதனால் 2.2. ஃபோகஸ் எனக்குக் கிட்டே இருந்த கண்ணில்.

முதலில் பாட்டி அடையாள அட்டைக்கு உட்கார்ந்த மாதிரி விறைத்துக்கொண்டுதான் இருந்தார். 1948-இல் நம் ஊர்ப் பக்கத் தோட்டங்களில் கம்யூனிஸ்டுகள் வெள்ளைக்காரத் துரைமார்களைச் சுட்டு, பிரிட்டிஷ் அரசு அவசரகாலம் கொண்டுவந்ததே, அப்போது பாட்டிக்கு ஏழு வயது. அதைக் கேட்டேன். ஊரடங்கு, அரிசிக்கு அளவு, கம்பி வேலி என்று பேச ஆரம்பித்தார். கை ஆடியது, கண் சன்னலுக்கு வெளியே போய் நின்றது. 1/125 வைத்திருந்ததால் அந்தக் கணம் கலங்காமல் கிடைத்தது. 1/30 போதும் என்று ஐஎஸ்ஓவை மிச்சம் பிடித்திருந்தால் போயிருக்கும். ஐஎஸ்ஓ ஏறிப் புள்ளி விழுந்த படத்தை வைத்துக்கொள்ளலாம், கலங்கிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொன்று, எனக்கு ரொம்ப முக்கியமானது. கேமராவின் அளவுமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எடுத்துக்கொள்ளும். கறுப்பு முகத்தை மட்டும் அளக்கவிட்டால் அதை வெளுக்கப் பார்க்கும். வெள்ளைச் சுவரோடு சேர்த்து அளந்தால் முகத்தைக் கரியாக்கிவிடும். இரண்டும் பாட்டி இல்லை. அதனால் எல்லாவற்றையும் கையாலேயே வைத்து, சந்தன நிறச் சேலையின் ஓரம் வெளுத்துப்போகாத அளவுக்கு மட்டும் வெளிச்சத்தை ஏற்றினேன். கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்ததால் நிழலைப் பிறகு கொஞ்சம் தூக்க முடிந்தது. இந்தத் தொல்லை பழையது. ஃபிலிம் காலத்தில் லேப்களில் நிறம் சரிபார்க்க கோடாக் அனுப்பிய 'ஷெர்லி கார்டு' அட்டைகளில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். பல இனத்து முகங்கள் சேர்ந்த அட்டை 1990-களில்தான் வந்தது. நம் ஆட்களின் தோலுக்கென்று யாரும் இயந்திரத்தைப் பழக்கி வைக்கவில்லை, நாம்தான் கவனிக்கவேண்டும்.

படத்தைப் பார்த்த பாட்டி ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "எங்கம்மா மாதிரியே இருக்கேன்" என்றார். பாட்டியின் அம்மாவுக்குப் படமே கிடையாது.

செம்பனைக்காரி:

தம்பி, கடைசி வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

என்னிடம் கைப்பேசி மட்டும்தான். போன மாதம் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதி வீட்டில், நாத்தனாருக்கு வளைகாப்பு. கூரையில் பதித்த எல்இடி விளக்குகளுக்கு நேர் கீழே அவரை உட்கார வைத்திருந்தார்கள். எல்லாப் படத்திலும் கண் இருந்த இடத்தில் இரண்டு குழிதான்! நாற்காலியை நாலடி பின்னுக்குத் தள்ளச் சொன்னேன். விளக்கு முன்பக்கத்திலிருந்து சாய்வாக விழுந்தது, கண்ணும் தெரிந்தது, கண்ணுக்குள் ஒரு வெள்ளைப் பொட்டும் வந்தது. அந்தப் பொட்டு இருந்தால்தான் முகத்துக்கு உயிர்.

ஆனால் சுவர் நீலப் பச்சை. அதை ஒட்டி நின்ற அக்காமார்களின் கன்னமெல்லாம் பச்சை அடித்துவிட்டது. சுவரும் ஒரு விளக்குத்தான் என்று அப்போதுதான் புரிந்தது. இரண்டடி தள்ளி நிற்கச் சொன்னதும் பாதி சரியானது.

கைப்பேசியில் முகத்தை அழகாக்கும் வசதியை மறக்காமல் அணைத்துவிடுங்கள். முகம் வெளுத்துத் தெரிந்தால் திரையில் முகத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். இரவு மோட் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்ப்பது, அதனால் ஆள் ஆடாமல் இருந்தால்தான் சரிவரும். குழந்தைகளுக்கு அது ஆகாது.

கோயில் தெரு:

அண்ணே, எங்கள் வீட்டில் பழைய டியூப் லைட்டில் 1/200 வைத்து எடுத்தேன். ஒரு படம் வெளிச்சமாக, அடுத்தது மஞ்சளடித்து இருட்டாக. கேமரா பழுது என்றே நினைத்துவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், டியூப் ஒரு விநாடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். 1/100 அல்லது 1/50 வைத்தால் ஒரு முழு ஏற்ற இறக்கம் படத்துக்குள் வந்துவிடும். அதற்குப் பிறகு தொல்லை இல்லை.

ஒரு சந்தேகம். தீபாவளிக்குத் தங்கச்சி மகளைக் குத்துவிளக்கு வெளிச்சத்தில் மட்டும் எடுக்க ஆசை. முடியுமா?

லயத்துப் பேரன்:

முடியும், தம்பி. ஐந்து திரியையும் ஏற்று. முகத்தை விளக்குக்குக் கிட்டே கொண்டுவா, தூரம் பாதியானால் வெளிச்சம் நாலு மடங்காகும். ஆனால் சின்னப் பிள்ளை, தலைமுடியையும் பாவாடையையும் பார்த்துக்கொள்ள ஒரு பெரியவர் பக்கத்திலேயே இருக்கட்டும். எஃப் 1.8, 1/60, ஐஎஸ்ஓ 6400-இல் ஆரம்பி. சுடர் படத்துக்குள் இருந்தால் கேமரா அதைப் பார்த்து முகத்தை இருட்டாக்கும், அதனால் கையால் வை. வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடாதே. சுடரின் நிறம் 1900 கெல்வின் அளவு, கேமராவை 2800, 3000 என்று வைத்தால் மஞ்சள் கொஞ்சம் தங்கும், தங்கட்டும்.

அச்சுப் போடும்போது முதலில் சின்னதாக ஒன்று போட்டுப் பார். திரையில் தெரிவதைவிடத் தாளில் இருட்டாக வரும். பாட்டி படத்துக்கு நான் மூன்று முறை போட்டேன். மூன்றாவதுதான் இப்போது கூடத்தில், சன்னலுக்கு எதிர்ச் சுவரில் தொங்குகிறது. "இருக்கும்போதே மாட்டு" என்று பாட்டி சொல்லிவிட்டார்.