கெட் போட்டால் ஒருபோதும் விழாதா?

உப்புவெளியான்: "ஜேசனில் எதை எடுத்தாலும் கெட் போடுங்கள், இல்லாவிட்டால் வெற்று டிக்‌ஷனரி என்று கொடுங்கள், ப்ரோகிராம் ஒருபோதும் விழாது" என்று உவர்மலையான் நேற்று எழுதியிருந்தார். (ஜேசன் என்பது தரவைப் பெயர்-மதிப்பு சோடிகளாக எழுதும் ஃபைல் வடிவம், அந்தப் பெயர்தான் கீ. பைத்தான் மொழியில் கெட் என்பது கீயைக் கொடுத்து மதிப்பை எடுக்கும் கட்டளை. விழுவது என்றால் ப்ரோகிராம் எரர் காட்டி இடையில் நிற்பது.) விழும். என்னுடையது விடிய நாலு மணிக்கு விழுந்தது. சந்தை மீன் விலை எனக்கு ஜேசன் ஃபைலாக வருகிறது. வாடைக்காற்றில் சூரை வராத நாள், 'விலை' என்ற கீ இருந்தது, அதற்குள் 'நல்' (null, மதிப்பு இல்லை என்ற குறி) இருந்தது. பைத்தான் அதை 'நன்' (None, பைத்தானில் அதே குறி) ஆக்கியது. கீ அறவே இல்லாவிட்டால்தான் கெட் நாம் கொடுத்த டிக்‌ஷனரியை எடுக்கும், இங்கே கீ இருக்கிறதே, அதனால் 'நன்'னையே தந்தது, 'நன்'னில் கெட் போட முடியாது, அடுத்த கெட்டில் எரர்.

உவர்மலையான்: அது டேட்டாவின் பிழை. மீன் இல்லையென்றால் கீயையே விட்டிருக்க வேண்டும். பத்து வருடமாக எழுதுகிறேன், எனக்கு விழவில்லை.

உப்புவெளியான்: 'நல்' ஜேசனில் முறையான மதிப்பு, பிழை இல்லை. ஒருபோதும் என்று எழுதினீர்களா இல்லையா?

நிலாவெளி அக்கா: தம்பிமாரே, ஜேஎம்இஎஸ்பாத் (JMESPath, ஜேசனுக்குள் தேடி எடுக்கும் கேள்வி மொழி) பாவியுங்கள். வழியில் கீ இல்லாவிட்டாலும் 'நல்' இருந்தாலும் 'நன்' தான் வரும், விழாது. 500 ரூபாவுக்கு மேற்பட்ட மீன்களை மட்டும் எடுப்பதும் ஒரே வரி. வெறும் பைத்தானில் 'நன்' 500ஐவிடப் பெரிதா என்று கேட்டாலே டைப் எரர்.

உவர்மலையான்: அதைத் தனியாக இன்ஸ்டால் பண்ண வேண்டும் அக்கா. ஜேசன் மொட்யூல் 2.6இலிருந்து பைத்தானோடே வருகிறது. கெட்டுக்குப் பின்னால் ஒரு 'ஓர்' (or, முன்னால் வந்தது வெறுமை என்றால் பின்னால் உள்ளதை எடுக்கும்) போட்டு வெற்று டிக்‌ஷனரி கொடுத்தால் சரி.

உப்புவெளியான்: நேற்று அந்த 'ஓர்' எங்கே போனது? அதையே எடைக்கும் போட்டுப் பாருங்கள், உண்மையாகவே 0 கிலோ என்று வந்தாலும் அதைத் தள்ளிவிட்டு நீங்கள் கொடுத்த எண்ணை வைத்துவிடும். ஒருபோதும் என்றீர்கள், அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

கிண்ணியாக்காரன்: வாடையில் மீன் இல்லை என்று யார் சொன்னது? கொட்டியாரக் குடாவில் நாங்கள் வலை போடுகிறோம்.

உப்புவெளியான்: சூரையைப் பற்றிச் சொன்னேன், குடா மீனைப் பற்றி இல்லை.

கிண்ணியாக்காரன்: உங்கள் பட்டியலில் எங்கள் மீன் எப்போதுமே இல்லை, அதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

உவர்மலையான்: போன வருடம் என் பஸ் அட்டவணை ப்ரோகிராமை எடுத்துத் தன் பெயரில் போட்டவர் எனக்குப் பாடம் எடுக்கிறார்.

உப்புவெளியான்: அதிலும் இதே கெட் தான் இருந்தது, நான்தான் திருத்தினேன். ஒருபோதும் என்று எழுதினீர்களா இல்லையா?