ஆண்ட்ராய்டிலிருந்து ஐஃபோனுக்கு: செயலியின் பெயர் ஒன்றானால் வேலையும் ஒன்றாகுமா?

தக்கலை ஷீட் கடை:
ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் சிறிய கடை நடத்துகிறேன். எட்டு ஆண்டுகளாக ஆண்ட்ராய்டு ஃபோனே என் கணக்குப் புத்தகம். குவைத்திலிருந்து விடுமுறைக்கு வந்த மைத்துனர் தாம் பயன்படுத்திய ஐஃபோனைக் கொடுத்துவிட்டுப் போனதால் சென்ற வாரம் அதற்கு மாறினேன். பழைய ஃபோனில் இருந்த செயலிகளையெல்லாம் தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஆப் ஸ்டோரில் தேடியபோது, வாட்ஸ்அப், கூகுள் பே, ஃபோன்பே, பீம், கூகுள் மேப்ஸ் அனைத்தும் அதே பெயரில் கிடைத்தன. ஐஃபோனுக்குப் போனால் நம் செயலிகள் கிடைக்காது என்று இங்கே அடிக்கடி எழுதப்படுவது வீண் பயமுறுத்தல் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கலாம்.

மார்த்தாண்டத்தான்:
காரணத்தோடே மறுக்கிறேன், அண்ணன். நீங்கள் பெயரைத் தேடியிருக்கிறீர்கள், வேலையைத் தேடவில்லை. ஆண்ட்ராய்டில் நாம் அனுமதித்தால் ஒரு செயலி நம் குறுஞ்செய்திப் பெட்டியைப் படிக்கலாம். ஐஃபோனில் அந்த அனுமதியைக் கேட்கவே வெளிச் செயலிகளுக்கு வழி இல்லை. ஆகவே, வங்கியிலிருந்து வரும் செய்தியைப் படித்துத் தானே வரவு செலவு எழுதிக்கொண்டிருந்த செயலி, ஐஃபோனில் நீங்கள் கையால் நிரப்ப வேண்டிய வெறும் நோட்டாகிவிடும். யுபிஐ பதிவின்போது எண்ணைச் சரிபார்க்கும் செய்தி ஆண்ட்ராய்டில் தானாகப் போய்விடும். ஐஃபோனில் அதை நீங்களே அழுத்தி அனுப்ப வேண்டும். இது சிறிய தொல்லைதான், விட்டுவிடுவோம். ஆனால் ஷீட் விலையை ஃபோனிலேயே பேசி முடிக்கும் உங்களைப் போன்றவர்களுக்கு அழைப்புப் பதிவு சிறிய விஷயமா? 2024 அக்டோபரில் ஐஃபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 18.1 வரும்வரை அதன் சொந்த அழைப்புச் செயலியில் அந்த வசதியே கிடையாது. வந்த பிறகும், பதிவு செய்யப்படுகிறது என்று இருவர் காதிலும் சொன்ன பிறகுதான் பதிவு தொடங்குகிறது.

தக்கலை ஷீட் கடை:
கூகுளின் சொந்த அழைப்புச் செயலியும் அப்படி அறிவித்த பிறகுதான் பதிவு செய்கிறது, தம்பி. அதை நான் குறையாகக் கருதவில்லை. எதிரே பேசுபவருக்குத் தெரியாமல் அவர் பேச்சைப் பிடித்து வைத்து வியாபாரம் செய்ய வேண்டிய நிலைமை எனக்கு இல்லை. வரவு செலவு விஷயத்தில் நீங்கள் சொல்வது பாதி சரி. ஐஃபோனிலேயே இருக்கும் ஷார்ட்கட்ஸ் செயலியில், இன்ன சொல் உள்ள செய்தி வந்தால் இன்னதைச் செய் என்று விதி எழுத முடியும். என் மகள் ஒரு மாலை உட்கார்ந்து அதை எழுதிக் கொடுத்தாள். தமிழ் எழுதுவதிலும் குறை காணவில்லை. 2013இல் ஐஓஎஸ் 7 வந்தபோதே தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகைகளும் உள்ளேயே வந்துவிட்டன.

மார்த்தாண்டத்தான்:
மகள் ஒரு மாலை செலவிட்டாள் என்பதே என் கட்சிக்குப் போதுமான சாட்சி. ரப்பர் மரத்தில் பால்வெட்டு முடித்து வரும் ஒருவர் யாரிடம் போய் விதி எழுதச் சொல்வார்? காசு கொடுத்து வாங்கிய செயலிகளையும் மறந்துவிட்டீர்கள். பிளே ஸ்டோரில் கட்டிய பணம் ஆப் ஸ்டோரில் செல்லாது. அதே செயலியை அங்கே மறுபடி வாங்க வேண்டும்.

முட்டம் கடற்கரை:
நீங்கள் இருவரும் செயலியைப் பற்றியே பேசுகிறீர்கள். செயலிக்குள் சேர்த்து வைத்ததைப் பற்றி யாரும் பேசவில்லை. எங்கள் மீன்பிடி வள்ளத்தில் அண்ணன் வைத்திருக்கும் ஃபோனில், மீன் கிடைக்கும் பார்களின் (கடலடிப் பாறைத் திட்டுகளின்) இடங்களும் வலை சிக்கிக் கிழிந்த இடங்களும் பல ஆண்டுகளாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. நல்ல வேளையாக அந்தச் செயலி குறிகளை ஜிபிஎக்ஸ் என்ற, இடக்குறிகளுக்கான பொதுவான வடிவக் கோப்பாக வெளியே எடுக்க விடுகிறது. அந்தக் கோப்பை எந்த ஃபோனிலும் வேறொரு வரைபடச் செயலி திறந்துகொள்ளும். அந்த வசதி இல்லாதிருந்தால், அதே பெயரில் செயலி கிடைத்தாலும் எங்களுக்கு அது வெறும் நீலத் திரை. அது சரி, தக்கலை அண்ணன் வாட்ஸ்அப் பழைய உரையாடல்களை எப்படிக் கொண்டுவந்தார் என்று சொல்லவே இல்லையே?

தக்கலை ஷீட் கடை:
கொண்டுவரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கூகுள் டிரைவில் பேக்அப் இருப்பதால் தானாக வந்துவிடும் என்று நம்பினேன். ஐஃபோனைத் தயார்செய்து கொடுத்த கடைக்காரரும் எதுவும் சொல்லவில்லை.

மார்த்தாண்டத்தான்:
டிரைவில் இருக்கும் வாட்ஸ்அப் பேக்அப்பை ஐஃபோன் எடுத்துக்கொள்ளாது. 2022 முதல் மூவ் டு ஐஓஎஸ் என்ற ஆப்பிளின் செயலி வழியாக மாற்றலாம், ஆனால் ஐஃபோன் புதிதாகவோ முழுவதும் அழித்து ரீசெட் செய்யப்பட்டதாகவோ இருக்க வேண்டும். பழைய ஃபோனில் உங்கள் எண்ணை மறுபடி பதிவுசெய்து வாட்ஸ்அப்பைத் திறந்துகொள்ளுங்கள். இரண்டு ஃபோன்களையும் சார்ஜரில் போட்டு, ஒரே வைஃபையில் இணைத்துவிட்டுத் தொடங்குங்கள். அழைப்புப் பட்டியல் வராது. இந்த ஒரு வாரமாக ஐஃபோனில் வந்த உரையாடல்களும் ரீசெட்டோடு போய்விடும். வாதத்தில் வென்றேன் என்று இதைச் சொல்லவில்லை, அண்ணன். பழைய ஃபோனை அதற்குள் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

தக்கலை ஷீட் கடை:
கொடுக்கவில்லை, மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. மாறுவது தவறு என்று இப்போதும் நான் சொல்லமாட்டேன். மாறிய வரிசை தவறு. ஞாயிற்றுக்கிழமை கடை அடைத்த பிறகு நீங்கள் சொன்னபடி செய்கிறேன். இந்த வாரத்துச் செய்திகளில் இரண்டு லோடு ஷீட்டின் விலை இருக்கிறது. அதை இன்றிரவே காகித நோட்டில் எழுதிவிடுகிறேன்.