வீடியோ வேலைக்கு எந்த எக்ஸ்டேர்னல் டிஸ்க் வாங்கலாம்?

வணக்கம் அண்ணாமார், அக்காமார். புதுக்குடியிருப்பில் இருந்து எழுதுகிறேன். கலியாண வீடு, கோயில் திருவிழா வீடியோ எடுப்பதுதான் தொழில். விநாடிக்கு 100 மெகாபிட் (எம்பிபிஎஸ்) வேகத்தில் 4கே எடுத்தால் ஒரு மணித்தியாலத்துக்கே 45 ஜிபி. ஒரு கலியாணம் முடிய 200 ஜிபி நிற்கும். லப்டொப்பில் இடமில்லை, வற்றாப்பளைப் பொங்கலுக்கு முன்னம் ஒன்று வாங்கியே ஆகவேண்டும்.

ஒரு டிபிக்கு விழும் காசைப் பார்த்தால் சாதாரண ஹார்ட் டிஸ்க்தான் மலிவு. ஆனால் விநாடிக்கு 120, 130 எம்பிதான்; அந்த 200 ஜிபி ஏற அரை மணித்தியாலத்துக்குக் கிட்டப் போகும். கையடக்க டிஸ்க் பலதில் எஸ்எம்ஆர் முறை வேறு (பதிவுத் தடங்களை ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி எழுதுவது), பெரிய ஃபைல்களைத் தொடர்ந்து ஏற்றும்போது வேகம் இன்னும் விழும். சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் பதியும் எஸ்எஸ்டி என்றால், பெட்டியில் விநாடிக்கு 1000 எம்பி என்று போட்டிருக்கிறார்கள். என் லப்டொப்பில் இருப்பது 5 ஜிபிபிஎஸ் யூஎஸ்பி, 450 எம்பியைத் தாண்டாது. அப்ப அந்த 1000க்கு நான் ஏன் காசு கொடுக்க வேண்டும்?

மேசையில் வைக்கும் பெரிய டிஸ்க் சரிவராது, அதற்குத் தனியாகக் கரண்ட் வேண்டும்.

எடிட் பண்ண 1 டிபி எஸ்எஸ்டி, முடிந்ததைப் போட்டுவைக்க 4 டிபி ஹார்ட் டிஸ்க் என்று யோசிக்கிறேன். மலிவான எஸ்எஸ்டி 200 ஜிபியை ஒரே மூச்சில் ஏற்றும்போது வேகம் குறைகிறதா? பாவிக்கிற ஆட்கள் மொடலோடு சொல்லுங்கோ. கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஒழுங்கான வொரண்டியோடு தரும் கடை தெரிந்தால் அதையும் எழுதிவிடுங்கோ.