மண்டபத்து வகுப்பை நிறுத்தச் சொல்கிறார்கள், என்ன செய்யலாம்?

பாலாற்றங்கரை:
பேரணாம்பட்டு பக்கம் எங்கள் தெருக் கோயில் மண்டபத்தில் சாயங்காலம் 5 முதல் 7 வரை பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறோம். இரண்டு வருடமாக நடக்கிறது, காசு வாங்குவதில்லை. முக்கால்வாசிப் பேர் பீடி சுற்றும் வீட்டுப் பிள்ளைகள், மிச்சம் தோல் பதனிடும் ஷாப்புக்கு வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். போன வாரம் ஊர்க் கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, "நீங்க இங்க நடத்தினா பள்ளிக்கூடத்துல வாத்தியாருங்க இன்னும் கவனிக்க மாட்டாங்க, நிறுத்துங்க" என்றார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். அன்றிலிருந்து மனசே சரியில்லை. உங்கள் கருத்து வேண்டும்.

காட்பாடி வாத்தியார்:
அந்தப் பெரியவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது தம்பி. நான் தொடக்கப் பள்ளியில் 30 வருடத்துக்கு மேல் இருந்தவன். ஐந்தாவது படிக்கிற பிள்ளைக்குத் தமிழ் வாசிக்க வரவில்லை என்றால் அந்தக் கேள்வி பள்ளியில்தான் கேட்கப்பட வேண்டும், ஏனென்றால் அரசு சம்பளம் கொடுப்பது அதற்குத்தான். 2009 கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியர்கள் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது என்கிறது. கற்பிப்பது பள்ளி நேரத்திலேயே முடிய வேண்டும் என்ற எண்ணம்தான் அதன் பின்னால் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். இரண்டு ஆசிரியர் ஐந்து வகுப்பைப் பார்க்கிற பள்ளிகள் உண்டு, அந்த ஓட்டையை நீங்கள் மண்டபத்தில் அடைத்துவிட்டால் மேலே இருப்பவர்களுக்கு அது தெரியவே தெரியாது. அப்புறம், பகல் முழுக்க உட்கார்ந்த பிள்ளை சாயங்காலமும் உட்கார வேண்டுமா? விளையாட விடுங்கள்.

ஷூ கம்பெனி அம்மா:
சார், விளையாட விடச் சொல்கிறீர்கள். எங்கள் தெருவில் நாலே காலுக்குப் பை வைத்துவிட்டு வருகிற பிள்ளை நேராக முறத்துக்கு முன்னால்தான் உட்காரும். அம்மா சுற்றுவாள், பிள்ளை பீடி முனையை மடக்கும், நூல் கட்டும். மண்டபத்துக்குப் போகிற இரண்டு மணி நேரம்தான் அதன் விரலுக்கு ஓய்வு. நான் ஆம்பூரில் வேலை செய்கிறேன், கம்பெனி பஸ் என்னை இறக்கிவிட ஏழு ஏழரை ஆகும். பள்ளி விட்டதற்கும் நான் வருவதற்கும் நடுவில் மூன்று மணி நேரம், அதில் என் மகள் எங்கே இருப்பாள்? வேலூர் சத்துவாச்சாரியில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் எல்லாப் பாடத்துக்கும் டியூஷன் போகிறார்கள், அதனால் பள்ளி கெட்டுப்போகிறது என்று அவர்களை யாரும் கேட்பதில்லை. எங்கள் பிள்ளைகள் இலவசமாக உட்கார்ந்தால் மட்டும் ஏன் கேள்வி வருகிறது?

குடியாத்தம் தறி:
நான் இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்தேன். 2021 அக்டோபரில் தொடங்கிய திட்டம், கொரோனாவில் விட்டுப்போன படிப்பைப் பிடிக்க. மாதம் 1000 ரூபாய் தருவார்கள், ஒன்று முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகள் வருவார்கள். ஆரம்பத்தில் நான் வீட்டுப்பாடம் முடிக்க வைத்தே நேரத்தைக் கழித்தேன். ஆறாவது படித்த ஒரு பையன் எழுத்து முத்து முத்தாக இருக்கும், ஒரு பக்கத்தை அப்படியே பார்த்து எழுதிவிடுவான், "இதைப் படிப்பா" என்றேன், வாய் திறக்கவில்லை. எழுத்துகளைப் படம் மாதிரி வரைந்துகொண்டிருந்திருக்கிறான்! அன்றைக்கு வீட்டுப்பாடத்தை விட்டுவிட்டு வாசிப்பை எடுத்தேன், அவன் வரி கூட்டிப் படிக்க நாலு மாதம் ஆனது. அதனால் பாலாற்றங்கரை அண்ணாவைக் கேட்கிறேன், மண்டபத்தில் வீட்டுப்பாடமா, வாசிப்பா? வீட்டுப்பாடம் மட்டும்தான் என்றால் நானும் வாத்தியார் பக்கம்தான்.

பாலாற்றங்கரை:
இரண்டும்தான் தங்கச்சி, உண்மையில் வீட்டுப்பாடம்தான் அதிகம், மாற்றிக்கொள்கிறேன். ஆனால் வாத்தியார் சாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். எட்டாவது படிக்கிற இரண்டு பெண்களை தேசிய வருவாய் வழித் திறன் தேர்வுக்குத் தயார் செய்கிறோம். தேறினால் ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை வருடம் 12,000 ரூபாய் உதவித்தொகை. அதில் மனத்திறன் பகுதியில் மட்டும் 90 கேள்வி, எண் வரிசை, படப் புதிர் என்று பாடப் புத்தகத்தில் இல்லாததுதான் வரும். பழகிப் பார்க்காத பிள்ளை எப்படி எழுதும்? அப்படி ஒரு தேர்வு இருப்பதே அந்த வீடுகளுக்குத் தெரியாது.

காட்பாடி வாத்தியார்:
அந்தத் தேர்வு விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். முறத்தின் முன்னால் உட்காரும் பிள்ளையைப் பற்றி அந்த அம்மா எழுதியதைப் படித்த பிறகு விளையாட்டு என்று நான் சொன்னதையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு பயம் போகவில்லை. கடன் வாங்கிக் கழித்தலை வகுப்பில் ஒரு விதமாகவும் மண்டபத்தில் வேறு விதமாகவும் சொன்னால் குழம்புவது பிள்ளைதான், எத்தனை நோட்டில் பார்த்திருக்கிறேன். மாதம் ஒரு தடவையாவது வகுப்பு ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். அதைவிட முக்கியம் பள்ளி மேலாண்மைக் குழு. சட்டப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். மண்டபத்தில் எத்தனை பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை என்று அங்கே எழுதிக் கொடுங்கள். அதைச் செய்யாமல் நடத்தினால் நான் எதிர்ப்பேன்தான்.

ஷூ கம்பெனி அம்மா:
நானும் அந்தக் குழுவில் இருக்கிறேன் சார். எங்கள் பள்ளியில் கூட்டம் வேலை நாளில் மதியம் 3 மணிக்கு. போனால் ஒரு நாள் சம்பளம் போகும், இதுவரை ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறேன்.

பாலாற்றங்கரை:
ஏழரைக்கு வைக்கச் சொல்லிக் கேளுங்கள் அக்கா. மண்டபத்துச் சாவி என்னிடம்தான் இருக்கிறது, பிள்ளைகள் போனதும் பாயை எடுக்காமல் அப்படியே விட்டு வைக்கிறேன்.